பேட்ஜ் மட்டும் போதாது, பெட்டி முழுசா வேணும்

(தோட்ட மக்களின் நினைவுப் பொருள்களை வைத்துக் கிள்ளானில் நடந்த ஒருநாள் கண்காட்சியின் முடிவில் பேசியது. பதிவிலிருந்து எழுதி எடுத்தபோது பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



காலையிலிருந்து இந்த மேசைகளைச் சுற்றி வந்தீங்க. பால்வெட்டுக் கத்தி இருக்கு, மங்கு இருக்கு, சங்கச் சந்தா அட்டை இருக்கு, பந்தாட்டக் கேடயம் இருக்கு. அந்த ஓரத்தில் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி. அதற்குப் பக்கத்து மேசையில் ஒரு தோட்டத்து இளைஞர் மன்றத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகம். இந்த இரண்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சொல்ல வந்த விஷயமும் ஒன்றுதான். சேர்ந்திருக்கிற சாமானைப் பிரிக்காதீங்க. பிரித்தால் பொருள் இருக்கும், கதை போய்விடும்.

நம்ம வரலாறு எழுதப்படவில்லை என்று மேடையில் அடிக்கடி சொல்கிறோம். அது பாதி உண்மை. எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எழுதியது துரை. எந்தத் தோட்டம் எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எத்தனை பவுண்டு ரப்பர், எத்தனை ஆள், கூலிக்கு எவ்வளவு செலவு, எல்லாம் இருக்கு. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனியின் காகிதங்கள் லண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கத்ரி கம்பெனியின் காகிதங்கள் அதே லண்டனில் சோவாஸ் கல்லூரியில் இருக்கின்றன. அங்கே குளிர்சாதனம் ஓடுகிறது, கரையான் கிடையாது, வெள்ளம் வராது. அந்தக் காகிதங்களில் நாமும் இருக்கிறோம், செக்ரோலில் ஒரு நம்பராக.

தொழிலாளியின் ஆவணக் காப்பகம் எது? கட்டிலுக்கு அடியில் இருக்கிற தகரப் பெட்டி. அதற்குக் காவல் ஒரு கிழவி. அவங்க போனதும் வீட்டை மாற்றுவார்கள், பெட்டி குப்பை லாரியில் ஏறும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை வீட்டில் கூரை வரைக்கும் தண்ணீர் ஏறியது என்று உங்களுக்கே தெரியும். தொலைக்காட்சிப் பெட்டி போனது என்று மனு எழுதினோம். கல்யாணப் படமும் சங்க அட்டையும் போனதற்கு யாரிடம் மனு எழுதுவது?

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

பட்டாளத்துத் தாத்தாவின் பெட்டி

இந்தப் பெட்டிக்காரரின் பேரைக் குடும்பம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அவரைப் பட்டாளத்துத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். நேதாஜி படையில் இருந்தவர். இந்தப் பேரே அவரைப் பாதியாகக் காட்டுது. பட்டாளத்தில் அவர் இருந்தது இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை. பால் வெட்டியது நாற்பது வருஷம். 'பால்வெட்டுத் தாத்தா' என்று யாரும் கூப்பிடவில்லை பாருங்க.

அவர் தவறிப்போய் ரொம்ப நாளைக்கு அப்புறம், மகள் வீடு மாறும்போது பெட்டியைத் திறந்தார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் இரண்டு தோழர்களும் போனோம். பெட்டிக்குள் இருந்ததை, மேலிருந்து கீழாக, எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையிலேயே படம் எடுத்தோம். கடைசியாக வைத்தது மேலே இருக்கும், முதலில் வைத்தது அடியில் இருக்கும். அந்த வரிசையும் ஒரு ஆவணம்தான்.

அடியில் இருந்ததிலிருந்து சொல்கிறேன்.

எல்லாத்துக்கும் கீழே ஒரு வெள்ளைத் தொப்பி. காந்தித் தொப்பி. மடித்த மடிப்பில் துணி இற்றுப் போயிருக்கு. அவர் உயிரோடு இருந்தபோது நான் நாலு முறை உட்கார்ந்து பேசி கேசட்டில் பதிவு செய்திருக்கிறேன், அதனால் இந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1941. கிள்ளான் வேலைநிறுத்தம். அப்போ அவருக்குப் பத்தொன்பது வயசு.

இந்த ஊரில் நின்றுகொண்டு அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்து, எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே, எங்கள் சொந்தக்காரன் எங்களைப் பார்க்க வந்தால் உள்ளே விடு என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கூலிக் கணக்குக்கு நடுவில் இந்த ஒரு வரி. மானக் கணக்கு. இதை முன்னால் நின்று நடத்தின ஆர்.ஹெச். நாதனை மே மாசம் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தைக் கொண்டுவந்து சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள்.

தாத்தா சொன்னதை அவர் வாயாலேயே சொல்கிறேன்: "தொப்பியப் போட்டுக்கிட்டுப் பெரட்டுக்குப் போனேன்டா. துரை என்னைப் பார்க்கல, தொப்பியத்தான் பார்த்தான்." அவ்வளவுதான் சொன்னார். மேலே கேட்டால் சிரிப்பார்.

தொப்பிக்கு மேலே ஒரு போட்டோ. ஸ்டூடியோவில் எடுத்தது. வேட்டி, கோட்டு, எண்ணெய் தடவி வாரிய தலை. அவருடைய அண்ணன். பின்பக்கம் ஒன்றும் எழுதியில்லை. அண்ணன் சம்பந்தமாகப் பெட்டியில் வேறு ஒன்றுமே இல்லை. சயாமுக்குப் போனவர்.

சயாம், பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். ஜப்பான்காரன் ஏறக்குறைய ஓராண்டில் போட்டு முடித்தான், 1943 அக்டோபரில். அதில் வேலை செய்த போர்க்கைதிகள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள், ஏறக்குறைய அறுபதாயிரம் பேர். செத்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம்ம ஆளுங்க அதில் பல்லாயிரம். செத்த ஆசியத் தொழிலாளிகள் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. காஞ்சனபுரிக்குப் போனீங்கன்னா பாருங்க. போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை, புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஆளுக்கொரு கல்லில் பேரும் வயசும் இருக்கும். அது நல்ல காரியம், அவங்களும் மனுஷங்கதான். ஆனால் அந்தப் பக்கம் டைரி எழுதினான், மூங்கிலுக்குள் ஒளித்து வைத்துப் படம் வரைந்தான், யார் செத்தான் என்று பட்டியல் வைத்தான். பட்டாளம் அவனுக்கு நம்பரும் பேரும் கொடுத்திருந்தது. நம்ம பக்கம் காலராவில் செத்தவனைக் குழியில் தள்ளி மூடினதோடு சரி. அண்ணனுக்குக் கல் கிடையாது. அந்த ஸ்டூடியோ போட்டோதான் கல்.

அதற்கு மேலேதான் வெளியில் எல்லாரும் தேடுகிற சாமான். ஐ.என்.ஏ. பேட்ஜ் ஒன்று. கையடக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. அவருடைய அம்மா ஒரு ஜோடித் தோட்டைக் கழற்றி இந்தியச் சுதந்திர லீக்குக்குக் கொடுத்ததற்கு ஒரு ரசீது. அந்தப் படையின் பொதுமொழி இந்துஸ்தானி, ரோமன் எழுத்தில். இவருக்குத் தெரிந்தது தோட்டப் பள்ளிக்கூடத்துத் தமிழ். அதனால் கட்டளைச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே 'வலப்பக்கம் திரும்பு', 'நில்', 'துப்பாக்கியைத் தூக்கு' என்று அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி தன் கையால் போட்ட அகராதி.

ஏன் பட்டாளத்தில் சேர்ந்தீங்க தாத்தா என்று கேட்டேன். நாட்டுப்பற்று என்று சொல்வார் என நினைத்தேன். அதையும் சொன்னார், அது பொய்யில்லை. நேதாஜி பேச்சைக் கேட்டவர், கடைசி வரைக்கும் அந்தப் பேரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் முதலில் சொன்னது வேறு: "அண்ணன சயாமுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போய்ட்டாங்க. அடுத்து நான்தான். சயாமா, பட்டாளமா? பட்டாளத்துல சோறு போடுவாங்க, திருப்பி அடிக்கத் துப்பாக்கியும் கொடுப்பாங்க."

சிரம்பானில் பயிற்சி. பிறகு பர்மாவுக்கு அனுப்பினார்கள். எந்த வழியாகப் போனார் தெரியுமா? அதே ரயிலில். புதுசாகப் போட்ட அந்தப் பாதையில்தான் ஐ.என்.ஏ. ஆட்களையும் பர்மாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ராத்திரியில் போனதால் ஒன்றும் தெரியவில்லை என்றார். அந்த இடத்தில் கேசட்டில் ரொம்ப நேரம் வெறும் காத்தாடிச் சத்தம்தான் இருக்கு.

இப்போ யோசிங்க. பேட்ஜை மட்டும் எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தால் என்ன கதை வரும்? 'இந்திய விடுதலைக்காகப் போராடிய மாவீரர்' என்ற கதை வரும், அதுவும் உண்மைதான். பேட்ஜையும் அண்ணன் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்? அண்ணனைக் கொன்ற ராணுவத்தோடு கூட்டுச் சேர்ந்த படையில் தம்பி. வெள்ளைக்காரனை எதிர்க்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. அடியில் இருக்கும் தொப்பியையும் சேர்த்து வைத்தால்? அந்த ஆளை எதிர்க்கக் கற்றுக்கொடுத்தது பட்டாளம் இல்லை, அதற்கு முன்னாலேயே கிள்ளான் வேலைநிறுத்தம் கற்றுக்கொடுத்துவிட்டது. மூன்று சாமான். ஒன்றை எடுத்தாலும் கணக்கு தப்பு.

பட்டாளத்துக்குப் பிறகு

பேட்ஜுக்கு மேலே இருப்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

போர் முடிந்ததும் ஐ.என்.ஏ. ஆட்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ்காரன் செப்டம்பரிலேயே வெடி வைத்துத் தகர்த்தான். அவ்வளவு பெரிய சின்னத்துக்கு ஆயுசு இரண்டு மாசம். மண்ணுக்குள் புதைத்துத் தப்பிய இந்தச் சின்ன பேட்ஜ் இன்றைக்கும் இருக்கு.

தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர் பழையபடி கத்தியைப் பிடித்தார். ஆனால் பழைய ஆள் இல்லை. அடுத்த சாமான் ஒரு தொழிற்சங்கச் சந்தா அட்டை, 1947. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அதே மாசம் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தைத் தடை செய்தார்கள். அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதியை, அவரும் ஐ.என்.ஏ.விலிருந்து வந்தவர்தான், 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி. அந்தக் காலத்தில் இந்த அட்டை வீட்டில் இருப்பதே ஆபத்து. தாத்தாவின் வீட்டுக்காரம்மா அதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். அட்டையின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், போய்ப் பாருங்க. துடைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். துடைக்காதே என்றேன். அந்தப் பஞ்சுதான் ஆத்தாவின் கையெழுத்து.

அதற்கு மேலே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளிகள் காசு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று 1960-ல் தொடங்கிய சங்கம். பிறகு சிவப்பு அடையாள அட்டை. இங்கே வெள்ளைக்காரனை எதிர்த்தவர், இந்தியாவின் விடுதலைக்காகத் துப்பாக்கி பிடித்தவர், சாகும் வரைக்கும் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. 1972-ல் இந்திய அரசு விடுதலைப் போராட்டக்காரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. ஐ.என்.ஏ. ஆட்களும் அதில் உண்டு, ஆனால் இந்தியக் குடியுரிமையும் காகித ஆதாரமும் வேண்டும். இவருக்கு அங்கேயும் குடியுரிமை இல்லை, இங்கேயும் இல்லை. எல்லாத்துக்கும் மேலே, கடைசியாக வைத்தது, தோட்டம் விற்றபோது கம்பெனி கொடுத்த வேலைநிறுத்தக் கடிதம். வேலையிலிருந்து 'நிறுத்தின' கடிதம். தொழிலாளி நிறுத்தினால் சட்டவிரோதம், முதலாளி நிறுத்தினால் கடிதம்.

ஒரு அமைப்பு நேதாஜி விழா எடுக்கிறோம் என்று மகளிடம் வந்தார்கள். பேட்ஜும் நோட்டும் ரசீதும் மட்டும் போதும் என்றார்கள். சங்க அட்டை? 'அது வேணாம்மா, அதெல்லாம் கம்யூனிஸ்ட் சமாச்சாரம்.' பிறகு பழம்பொருள் வாங்குகிறவர் ஒருத்தர் வந்து பேட்ஜுக்கு நல்ல விலை சொன்னார். அந்த மகள் துப்புரவு வேலை செய்கிறவர். அந்தக் காசு அவருக்கு வேண்டாத காசு இல்லை. எங்களிடம் நேராகவே கேட்டார்: "நீங்க என்ன எடுத்துக்குவீங்க, என்ன கொடுப்பீங்க?" நாங்கள் சொன்னோம், காசு கொடுக்க எங்களிடம் இல்லை, எதையும் எடுத்துக்கொண்டும் போக மாட்டோம். உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்துத் தருகிறோம், அப்பாவின் கேசட்டையும் மாற்றித் தருகிறோம், முடிவு உங்களோடது. மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் போனோம். மூன்றாவது வாரம் அப்பாவின் குரலைப் பேத்தி போட்டுக் கேட்டது. அதற்கப்புறம் மகள் விற்கவில்லை. பெட்டி அவங்க வீட்டில்தான் இருக்கு. இன்றைக்கு ஒரு நாளைக்குக் கடனாக வந்திருக்கு, சாயந்திரம் திரும்பிப் போகும்.

விற்றிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். வறுமையில் இருக்கிறவங்களைப் பார்த்து 'பாரம்பரியத்தை விற்றுட்டாங்க' என்று பேசுவது சுலபம். பேசுகிறவர்கள் அந்த வீட்டு வாடகையைக் கட்டுவார்களா?

மன்றத்துப் புத்தகம்

இப்போ அந்தக் கூட்டக் குறிப்புப் புத்தகம். 1958-ல் தொடங்கி 1974 வரைக்கும். ஒரு தனி ஆளின் பெட்டியில் ஒரு வாழ்க்கை தெரியும், மன்றத்துப் புத்தகத்தில் ஒரு ஊரே தெரியும். கூட்டத்துக்கு வராதவருக்கு ஐம்பது காசு அபராதம். இரவுப் பள்ளிக்கு மண்ணெண்ணெய் விளக்கு வாங்கினது. மரண சகாய நிதி. நாடகத்துக்குப் பெண் வேஷம் யார் போடுவது என்று இரண்டு கூட்டம் சண்டை. பந்தாட்டத் திடல் கேட்டுத் துரைக்கு எழுதின கடிதம், மூன்று முறை.

1969 மே மாசத்துக்குக் குறிப்பு இல்லை. அடுத்த வருஷ உறுப்பினர் பட்டியலில் பேருக்குப் பேர் கோடு போட்டு, எதிரே 'ஊருக்குப் போய்விட்டார்', 'ஊருக்குப் போய்விட்டார்'. பெர்மிட் பிரச்சினை. குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்ற சட்டத்தால் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளிகள் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பல் ஏறினார்கள். புத்தகத்தில் அது புள்ளிவிவரமாக இல்லை. பந்தாட்டக் குழுவில் கோல் காப்பவர் போய்விட்டார், ஆர்மோனியம் வாசிப்பவர் போய்விட்டார். 1974-ல் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்ற குறிப்போடு புத்தகம் முடியுது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால் ஒன்று சொல்கிறேன். தோட்டம் கைமாறி வீடு கட்டும் கம்பெனி வந்தபோது, 'இந்தக் கோயில் அனுமதி இல்லாமல் பிற்காலத்தில் கட்டினது' என்று அவங்க வக்கீல் சொன்னார். பேச்சுவார்த்தை மேசையில் நம்ம பக்கம் கையில் ஒன்றுமில்லை. அப்போதுதான் முன்னாள் செயலாளர் ஒருத்தர் வீட்டு அலமாரியிலிருந்து இந்தப் புத்தகம் வந்தது. 1961-ல் கோயில் மண்டபத்துக்கு நன்கொடை பிரித்த கணக்கும், துரை கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தன. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கோயில் அதே இடத்தில் நிற்கவில்லை. ஆனால் ஒன்றும் கிடையாது என்று சொன்னவர்கள் மாற்று நிலம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை யாராவது கத்தரித்துத் தனியாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால், 'இது எந்தக் கோயிலுக்கு?' என்று கேட்டிருப்பார்கள். புத்தகத்தோடு இருந்ததால் கேட்க முடியவில்லை.

நமக்குப் பிடிக்காததும் அதில் இருக்கும்

நாம் இடதுசாரிகள், ஆனால் நமக்கும் பளபளப்பாக்கும் ஆசை உண்டு. மன்றத்தின் குழுப் படத்தைப் பாருங்க. யார் நாற்காலியில், யார் நிற்கிறார்கள், யார் படத்திலேயே இல்லை? லயத்தில் எந்த வரிசையில் எந்தச் சாதி என்று இருந்த காலம் அது. படத்தில் அந்த வரிசை அப்படியே இருக்கு. பதினாறு வருஷக் குறிப்பில் பெண் பேர் வருவது நன்கொடைப் பட்டியலிலும் சமையல் பொறுப்பிலும் மட்டும்தான். கேப்டன் லட்சுமி பேர் நமக்குத் தெரியும், ஜானகி ஆதி நாகப்பன் பேர் தெரியும். ஜான்சி ராணிப் படைக்குத் தோட்டத்திலிருந்து போன பெண்களில் எத்தனை பேர் பேர் சொல்வோம்? திரும்பி வந்தவர்கள் கல்யாணத்துக்குத் தடையாகும் என்று வாயை மூடிக்கொண்டார்கள், படத்தைக் கிழித்தார்கள் என்று பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெட்டி ஆம்பிளைக்குத்தான் இருந்தது. பெண்களுக்கு முந்தானை முடிச்சுதான். அதனால் ஒரு வீட்டுக்குப் போனால் 'தாத்தா சாமான் இருக்கா' என்று மட்டும் கேட்காதீங்க. பாட்டியிடம் தனியாக உட்காருங்க. தலையணைக்குள் அட்டையைத் தைத்தது யார் என்று அப்போதான் தெரியும்.

முடியுமா என்றால்

முடியும். இங்கிலாந்தில் ரூத் ஃப்ரோ, எடி ஃப்ரோ என்று ஒரு தம்பதி. அவர் பொறியியல் தொழிலாளி, அம்மா ஆசிரியை, இரண்டு பேரும் கம்யூனிஸ்டுகள். 1950-களில் தொழிற்சங்கப் புத்தகம், துண்டறிக்கை, பேட்ஜ், பதாகை என்று தங்கள் வீட்டிலேயே சேர்க்க ஆரம்பித்தார்கள். வீடு நிரம்பி நடக்க இடமில்லாமல் போய், 1987-ல் சால்ஃபோர்டு நகரத்தில் கட்டடம் கிடைத்தது. இன்றைக்கு அது தொழிலாளர் இயக்க நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்ததுதான் இன்றைக்குச் சென்னையில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்கள். அந்தச் சாம்பலை மறக்காத பிள்ளைகள் 2005-ல் நூலகம் இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். இவங்க யாரும் அரசு உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

நீங்கள் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும் கலைக்காதீங்க. இருக்கிறபடியே கைபேசியில் முதல் படம் எடுங்க. பித்தளையைப் புளி போட்டுத் துலக்காதீங்க, துலக்கினால் எழுத்துத் தேயும். காகிதத்தை லேமினேட் செய்யாதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க, இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. போட்டோவின் பின்னால் மெல்லிய பென்சிலால் பேர், ஊர், வருஷம், உறவு எழுதுங்க, பால்பாயிண்ட் வேண்டாம். பசை ஒட்டிய ஆல்பத்தில் இருக்கும் படங்களைப் பிய்க்காதீங்க, ஆல்பத்தோடு படம் எடுங்க. பெட்டியைத் தரையிலும் வைக்காதீங்க, கூரைக்கு அடியிலும் வைக்காதீங்க. தரையில் வெள்ளம், மேலே சூடு.

மன்றம், சங்கம், பஜனைக் குழு, பந்தாட்டக் குழு, எதில் இருந்திருந்தாலும் புத்தகம் கடைசியாக யாரிடம் இருந்தது என்று இந்த வாரமே விசாரியுங்க. பொதுவாகக் கடைசிச் செயலாளர் வீட்டில் இருக்கும். ரப்பர் முத்திரை, ரசீதுப் புத்தகம், நாடக நோட்டீஸ், மரண சகாயப் பட்டியல், எல்லாம் வேணும். 'இதெல்லாம் குப்பை லா' என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அவசியம் போய்ப் பாருங்க.

பொருளை விடப் பேச்சுக்கு அவசரம் அதிகம். எண்பது வயசு ஆனவங்க வீட்டில் இருந்தால் பொருளைக் கையில் கொடுத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்க. 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க' என்றால் ஒன்றும் வராது. மங்கைக் கையில் கொடுங்க, தானாக வரும். பதிவை மூன்று இடத்தில் வையுங்க. எதை வெளியில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவங்களிடமே கேட்டு எழுதி வாங்குங்க. யாராவது கண்காட்சிக்கு என்று கேட்டால் கடனாகக் கொடுங்க, ரசீது வாங்குங்க, 'தனியாகப் பிரித்து வைக்கக் கூடாது' என்று அதில் எழுதச் சொல்லுங்க.

வாசலில் தோழர்கள் ஸ்கேனரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறு மணி வரைக்கும் இருப்பார்கள். சாமானை விட்டுட்டுப் போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே உட்காரலாம், தேத்தண்ணி உண்டு. நடமாட முடியாதவங்க வீட்டில் இருந்தால் விலாசம் கொடுத்துட்டுப் போங்க, நாங்க வருகிறோம். பச்சைப் பெட்டியைப் பார்க்காதவங்க இப்பவே போய்ப் பாருங்க. ஏழு மணிக்கு அது வீட்டுக்குப் போகணும்.